சின்ன வாட்ச்சு தானேன்னு சொல்றவங்க இத ஒரு தடவ படிங்க

"ஏம்மா, போன் ஆப்பு பெருசு, அதுக்கு நீ கேட்டத குடுத்தோம், நாயம். இது இத்தினூண்டு வாட்ச்சு, ரெண்டு பட்டன் வரும், அதுக்குப் போயி இவ்ளோ கேக்குறியே"ன்னு நேத்து பாண்டியில எனக்கு வேல குடுத்த கடைக்காரர் ஒருத்தர் என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. வயசுல பெரியவரு, டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சு பேசினாரு, அதனால அங்க ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்துட்டேன். ஆனா பஸ்ஸு மரப்பாலம் சிக்னல்ல நிக்கும்போதும் அதே நெனப்பு, கன்னியக்கோவில் தாண்டும்போதும் அதே நெனப்பு, கடலூர் வந்து எறங்கி வூட்டுக்கு வந்து சோறு தின்னும்போதும் அதே நெனப்பு. ராத்திரி தூக்கமே இல்ல. கொட்டிடுறேன்.

வேல என்னான்னா, வயசானவங்களுக்கு மாத்திர போட ஞாபகப்படுத்துற ஆப்பு. போன்ல ஏற்கனவே செஞ்சு குடுத்துட்டேன், நல்லா ஓடுது. ஆனா வயசானவங்க போன அலமாரில வச்சுட்டு அடுப்படில இருப்பாங்க, கொல்லைல இருப்பாங்க, அதனால கையில கட்டுற வாட்ச்சுல அதிரணும், தமிழ்ல எழுத்து வரணும். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, நானும் ஆசப்பட்டுத்தான் ஒத்துக்கிட்டேன்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. லாரன்ஸ் ரோட்டு கடைங்கள்ல ஆயிரத்து ஐநூறு, ரெண்டாயிரத்துக்கு தொங்குற வாட்ச்சு இருக்குல்ல, ஊர்ல பாதி பேர் கையில அதுதான் இருக்கு, அதுல நான் எழுதுற ஆப்ப போடவே முடியாது. அதுல கம்பெனிக்காரன் உள்ள என்ன வச்சு அனுப்புனானோ அதான், வெளி ஆள் எழுதுன ஆப்புக்கு அதுல கதவே கெடையாது. இத அந்த சாருக்கு மூணு தடவ சொல்லியிருக்கேன். மூணு தடவையும் "அதுலயும் ஸ்மார்ட் வாட்ச்னு தானேம்மா போட்டிருக்கு"ன்னு அட்டப்பெட்டிய எடுத்துக் காட்டுறாரு. வேர் ஓஎஸ் (வாட்ச்சுக்குன்னு கூகுள் செஞ்ச ஆண்ட்ராய்டு) ஓடுற வாட்ச்சு வேணும் சார், அது வெல ஜாஸ்தின்னா, ஏதோ நான் கமிஷன் வாங்குற மாதிரி பாக்குறாரு.

சரி, வாங்கினாரு. அவங்க அம்மாவுக்குத்தான் மொதல்ல, முத்தியால்பேட்டைல இருக்காங்க, எழுபது தாண்டின ஆயா. என்கிட்ட இருந்தது கொஞ்சம் பழைய வாட்ச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் என் நிம்மதி போச்சு.

போன் ஆப்பு எழுதுறவங்களுக்கு கேபிள சொருகுனா முடிஞ்சுது. வாட்ச்சுல சொருக எடமே இல்ல. சார்ஜர் மேல வச்சா கரண்டு மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. வைஃபைலதான் லேப்டாப்போட சேக்கணும். செட்டிங்ஸ் உள்ள போயி பில்டு நம்பர ஏழு தடவ தட்டி, டெவலப்பர் ஆப்ஷன தொறந்து, வயர்லெஸ் டீபக்கிங் (கேபிள் இல்லாம லேப்டாப்போட சேர்ற வசதி) போட்டு, அதுல வர்ற ஆறு நம்பர இங்க டைப் பண்றதுக்குள்ள வாட்ச்சு ஸ்க்ரீன் அணஞ்சுரும், திரும்ப போனா நம்பரு மாறி இருக்கும், போர்ட்டும் மாறி இருக்கும். போன் கூட ப்ளூடூத்ல சேந்திருந்தா பேட்டரிய மிச்சம் பண்றேன்னு அதுவா வைஃபைய விட்டுரும். சரின்னு ப்ளூடூத்த அணைச்சா, போனும் வாட்ச்சும் பேசிக்குதான்னு பாக்கத்தானே உக்காந்திருக்கேன், அத எப்பிடி பாக்குறது? இதுக்கு நடுவுல மத்தியானம் எங்க தெருவுல கரண்டு போகும், ரூட்டர் செத்துப் போகும், வந்தப்புறம் வாட்ச்சுக்கு வேற ஐ.பி. (நெட்வொர்க் முகவரி), மறுபடி மொதல்லேர்ந்து. ஒரே ஒரு எழுத்த கொஞ்சம் மேல தள்ளிப் பாக்க முக்கா மணி நேரம் போயிருக்கு எனக்கு.

எமுலேட்டர் இருக்கே அதுல பாக்க வேண்டியதுதானேன்னு சொல்லாதீங்க. கம்ப்யூட்டர்ல இருக்குற அந்த வட்டத்துக்கு வேர்வையும் கெடையாது, பேட்டரியும் தீராது. நம்ம ஊர் சித்திரை வெயில்ல, கடல் காத்து பிசுபிசுப்புல கை ஈரமா இருந்தா ஒரு பக்கம் தொட்டா இன்னொரு பக்கம் தள்ளுது, அது எந்த எமுலேட்டர்ல தெரியும்?

பேட்டரின்னதும் ஞாபகம் வருது. போன்ல சாதாரணமா 5000 எம்ஏஹெச் இருக்கும். கேலக்ஸி வாட்ச் 4ல சின்ன சைஸ்ல இருக்குறது 247. இருபதுல ஒரு பங்கு! அத வச்சுத்தான் ஸ்க்ரீன், ப்ளூடூத், சென்சார், அதிர்வு எல்லாம் நடக்கணும். இதுல சாரு "அப்பிடியே இதயத் துடிப்பையும் நாள் பூரா பாத்துக்கிட்டே இருக்குற மாதிரி போட்டுரும்மா"ங்கறாரு, அத போன வாரமும் சொன்னாரு, நேத்தும் சொன்னாரு.

இப்ப ஒரு ரெண்டு மணி மாத்திர விஷயத்துக்கு வரேன். இதுலதான் எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு.

என் வாட்ச்சுல பத்து நாள் ஓட்டிப் பாத்தேன், ஒரு நிமிஷம் பெசகல. ஆயா கையில கட்டிவிட்டு வந்தேன். மூணாவது நாளு, மத்தியானம் ரெண்டு மணிக்கு வர வேண்டியது ரெண்டு அம்பதுக்கு வந்திருக்கு. என்னான்னு கேட்டா, கை இறுக்குதுன்னு கழட்டி தலகாணி பக்கத்துல வச்சுட்டு படுத்திருக்காங்க, எழுந்து கையில எடுத்தப்பறம்தான் அது கத்தியிருக்கு. காரணம் கண்டுபுடிக்க எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. ஸ்க்ரீன் அணஞ்சு, அசையாம கெடந்தா ஆண்ட்ராய்டு டோஸ்னு ஒரு தூக்கத்துக்குப் போயிடும், சாதாரண அலாரம் எல்லாத்தையும் தள்ளிப் போட்டுரும். கரெக்ட் நேரத்துக்கு அடிக்கணும்னா அதுக்கு தனி அலாரம், அதுக்குத் தனி பர்மிஷன். என் வாட்ச்சு வேர் ஓஎஸ் 3, அதுக்கு அடில இருக்குறது ஆண்ட்ராய்டு 11, அங்க இந்த பர்மிஷன் பேச்சே கெடையாது. ஆயாவோட புது வாட்ச்சு வேர் ஓஎஸ் 5, அடில ஆண்ட்ராய்டு 14. அதுல புதுசா போடுற ஆப்புக்கு இந்த பர்மிஷன் மொதல்லயே மூடித்தான் இருக்கும், ஆள் செட்டிங்ஸ் உள்ள போயி தொறந்து விடணும். பர்மிஷன் இல்லன்னா சாதாரண அலாரம் வைன்னு ஒரு லைன் எழுதி வச்சிருந்தேன், அது சத்தமே இல்லாம அந்த வழியில போயிருக்கு. எழுபது வயசு ஆயாவ அந்த பொட்டு ஸ்க்ரீன்ல மெனு மெனுவா தேடிப் போயி அலாரம் அனுமதிய தொறன்னு சொல்ல முடியுமா? கண்ணாடி போட்டாலே அவங்களுக்கு அது தெரியாது. போன்லேர்ந்து அந்த ஒரு பட்டன தட்டி விடவும் எனக்கு வழி இல்ல. நானே முத்தியால்பேட்டைக்கு பஸ் ஏறிப் போயி தொறந்து விட்டேன். இன்னும் நூறு பேர் கட்டினா நூறு வூட்டுக்கும் போவேனா?

அத சரி பண்ணேன்னு நிம்மதியா வந்தா அடுத்த வாரம் அதுக்கும் மேல. போன்ல ஒரு அறிவிப்பு வந்தா அது தானாவே வாட்ச்சுக்கும் தாவும், வேர் ஓஎஸ்ல அப்பிடித்தான். வாட்ச்சுல இருக்குற என் ஆப்பும் அதே நேரத்துக்கு தனியா அதிரும். நாம போயி நிறுத்துனாத்தான் நிக்கும். போன் பக்கம் ஒரு எடத்துல நிறுத்த விட்டுப் போச்சு. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவ அதிர்ந்துச்சு, ஆயா மாத்திர போட்டாங்க, போட்டாச்சுன்னு தட்டுனாங்க. நாலு செகண்டுல போன்லேர்ந்து வந்தது மறுபடி அதிர்ந்துச்சு. இன்னொண்ணு போடணும் போலன்னு டப்பாவ தொறந்துட்டாங்க. அது சக்கரை மாத்திர. நல்லவேள மருமக பாத்து கையப் புடிச்சிருக்காங்க. "கண்ணு, அது ரெண்டு தபா கூப்ட்டுச்சு, அதான் எடுத்தேன்"னு ஆயா என்கிட்ட சொன்னப்ப எனக்கு காலு நடுங்கிடுச்சு. இத்தினூண்டு வாட்ச்சு, ரெண்டு பட்டன்! அந்த ரெண்டு பட்டனுக்குப் பின்னாடி ஒரு உசிரு இருக்குங்க.

தமிழ் எழுத்த பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா இத பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. அந்த டிசைன் எல்லாம் இங்கிலீஷ் வார்த்தய மனசுல வச்சு போட்டது. அங்க பில் (pill)னு நாலு எழுத்து, இங்க "மாத்திரை". அங்க ஒரு சின்ன வார்த்தைல முடியுறது இங்க "சாப்பாட்டுக்கு முன்னாடி". வட்ட ஸ்க்ரீன்ல மேல் வரியும் கீழ் வரியும் ரெண்டு பக்கமும் குறுகிப் போகும், அதனால மொத எழுத்தான "சா"வுல பாதி வெளிய போயிடும். வரி உயரத்த இங்கிலீஷுக்கு வச்ச மாதிரி விட்டா மேல "கி"யோட கொக்கி வெட்டுப்படும், கீழ "ழு"வோட சுழி வெட்டுப்படும். "முன்"னும் "பின்"னும் அவசரத்துல பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி தெரியுற சைஸு. சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியாங்கறது மருந்துல எவ்ளோ பெரிய விஷயம்! கடசில "முன்"னுக்கு காலித் தட்டு படம், "பின்"னுக்கு சோறு இருக்குற தட்டு படம்னு நானே வரஞ்சு வச்சேன். அந்த ரெண்டு படத்துக்கு மட்டும் நாலு நாள். அதுக்கு யாரு காசு குடுத்தா?

இன்னொரு கொடுமை. போன் ஆப்பும் வாட்ச் ஆப்பும் பேசிக்கணும்னா ரெண்டுக்கும் ஒரே பேக்கேஜ் பேரு (ஆப்போட உள்பேரு), ஒரே கையெழுத்து சாவி (ஆப்பு யாரு செஞ்சதுன்னு காட்டுற டிஜிட்டல் முத்திரை) இருக்கணும். ஒண்ணு மாறினாலும் பேசாது. சரி பேசாதுன்னா ஒரு எரர் காட்டலாம்ல? காட்டாது. அமைதியா இருக்கும். போன்ல ஸ்டோர்லேர்ந்து எறக்குனது, வாட்ச்சுல என் லேப்டாப்லேர்ந்து ஏத்துனது, சாவி வேற வேற, அது தெரியாம ரெண்டு நாள் புரோகிராம் கோட வரி வரியா படிச்சுக்கிட்டு இருந்தேன்.

இவ்ளோ கத்துக்கிட்டாலும் அது நெலைக்குமான்னா அதுவும் இல்ல. பெபிள்னு ஒரு ஸ்மார்ட் வாட்ச்சு 2012ல மக்கள்கிட்டயே காசு திரட்டி வந்துச்சு, அதுக்கு ஆசையா எழுதுனவங்க எத்தன பேரு, 2016ல ஃபிட்பிட் வாங்குச்சு, 2018ல சர்வர மூடியாச்சு. அந்த ஃபிட்பிட்டும் 2022ல விட்ட புது வாட்ச்சுங்கள்ல வெளி ஆப்பே கெடையாதுன்னாங்க. சாம்சங் வாட்ச்சுல முன்னாடி ஓடுன டைசன்ங்கற ஓஎஸ்ஸுக்கு எழுதுனவங்க 2021ல கேலக்ஸி வாட்ச் 4 வேர் ஓஎஸ்ஸுக்கு மாறினதும் மொதல்லேர்ந்து எழுதணும். கார்மின் வாட்ச்சுன்னா மங்கி சி (Monkey C)ன்னு அதுக்குன்னே ஒரு தனி மொழி. ஆப்பிள் வாட்ச்சுன்னா அது வேற ஒலகம், மேக் வேணும், ஐபோன் வேணும். அந்த சாரு சாதாரணமா கேக்குறாரு, "எல்லா வாட்ச்சுலயும் ஓடணும்ல?"

ஓடாது சார். ஓட வைக்கணும்னா நாலு தடவ எழுதணும், நாலு வாட்ச்சு வாங்கணும்.

அதனால இன்னிக்கு காலைல வாட்ஸப்ல அவருக்கு அனுப்பிட்டேன். வாட்ச் ஆப்புக்கும் போன் ஆப்புக்கும் ஒரே காசு. டெஸ்ட் பண்ண புது வாட்ச்சு ஒண்ணு, பழசு ஒண்ணு நீங்க வாங்கித் தரணும். ஒவ்வொருத்தர் கையிலயும் மொத நாள் கட்டும்போது அந்த அலாரம் பர்மிஷன தொறந்து விட உங்க கடைல ஒரு ஆளு இருக்கணும். இதயத் துடிப்பு இப்போதைக்கு கெடையாது. இதுக்கு சரின்னா செய்யிறேன் சார், இல்லன்னா அட்வான்ஸ திருப்பி போட்டுடறேன், ஆனா ஆயா வாட்ச்சுல இருக்குறத மட்டும் நான் எடுக்க மாட்டேன், அத காசில்லாம நானே பாத்துக்கறேன்னு.

ரெண்டு நீல டிக் விழுந்துடுச்சு, பதில் வரல. மத்தியானம் ரெண்டு அஞ்சுக்கு ஆயாதான் போன் பண்ணாங்க. "கரெக்ட்டா அடிச்சுச்சு கண்ணு, ஒரே தபா தான்"னாங்க.