செடர் தட்டு மாறாத ஒன்றா?
யூதர்களின் பஸ்கா பண்டிகை இரவு விருந்தில் அடையாள உணவுகளை வைக்கும் செடர் தட்டு 3,000 வருடமாக அப்படியே இருக்கிறது என்று கட்டுரையில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. எருசலேம் ஆலயம் இருந்தவரை ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு அந்தக் கறியைத்தான் சாப்பிட்டார்கள், கி.பி. 70இல் ஆலயம் இடிந்த பிறகு பலியே நின்றுபோய், இன்று தட்டில் இருப்பது அதன் நினைவாக வைக்கும் ஒரு சுட்ட எலும்பு, அதை யாரும் சாப்பிடுவதுகூட இல்லை. தட்டில் வைக்கும் கசப்பு உணவுக்கு, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா முதலில் சொல்வது லெட்டூஸ் கீரை. குளிர் விடாத கிழக்கு ஐரோப்பாவில் அந்த நேரத்துக்குக் கீரை ஏது? அதனால்தான் துருவும்போதே கண்ணில் நீர் வரவைக்கும் ஹார்ஸ்ராடிஷ் வேர் வந்தது. அப்புறம் தட்டில் வைக்கும் சாந்து போன்ற இனிப்பான ஹரோசெத், அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்) வீட்டில் ஆப்பிள், வால்நட், பட்டை, ஒயின். ஈராக் யூதர் வீட்டில் கெட்டியான பேரீச்சம்பழப் பாகில் வால்நட் தூவினால் முடிந்தது. பஸ்கா நாட்களில் அரிசி சாப்பிடுவதும் அப்படித்தான், செபார்டிகளில் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி யூதர்) பலர் எப்போதும் சாப்பிட்டார்கள், அஷ்கெனாசிகள் பல நூற்றாண்டுகள் தொடவில்லை, 2015இல் அமெரிக்காவில் யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக்குழு அவர்களுக்கும் சரி என்றது. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், பெண் ரபி (யூத மதகுரு) ஆவதை எதிர்த்து ஒரு ஆண் கத்தியதால்தான் தட்டில் ஆரஞ்சு வந்தது என்கிறார். அது கட்டுக்கதை. 1980களில் அதை வைத்தவர் பேராசிரியர் சுசன்னா ஹெஷெல், தற்பாலின ஈர்ப்புள்ள யூதர்களுக்கும் ஒதுக்கப்பட்ட மற்றவர்களுக்கும் ஆதரவாக. தன் யோசனையை ஒரு ஆணின் வாயில் போட்டு அந்த மக்களையும் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அவரே வருத்தப்பட்டிருக்கிறார்.