பஸ் ஏறிப் போகிற விஷயமா இது?

தம்பி நியூஜெர்சியில் புரொபேஷனில் இருக்கிறான்; அதாவது, நீதிமன்றம் நிபந்தனை போட்டு, ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே விட்டிருக்கிறது. டெக்சாஸில் இருக்கிற மாமா வீட்டுக்கு மாறப் பார்க்கிறான் என்று கிளிநொச்சியில் ஒருவருக்குச் சொன்னதுதான் பிழை. சங்கக்கடை வாசலில்கூட அறிவுரை. "ஒரே நாடுதானே பிள்ளை, பஸ் ஏறிப் போகச் சொல்லு. ஆர் பிடிக்கப் போறாங்கள்?"

கேட்கும்போதே பத்திக்கொண்டு வருகிறது. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பாஸும் கையுமாக வெயிலில் நின்ற சனம் இப்படிச் சொல்லலாமா? அனுமதி எடுக்காமல் வேறு மாநிலத்துக்கு மாறினால் நிபந்தனையை மீறியதாகிவிடும். பிடியாணை வரும், மறியலுக்கும் போக நேரலாம்.

அவனுடைய அதிகாரி முதலில் விண்ணப்பத்தை டெக்சாஸுக்கு அனுப்ப வேண்டும். மாமா அங்கே 180 நாளாவது வசித்திருக்கிறாரா, இவனை வைத்துப் பார்ப்பாரா, பிழைக்க வழி இருக்கிறதா என்றெல்லாம் அங்குள்ளவர்கள் விசாரிப்பார்கள். பதில் சொல்ல 45 நாள் அவகாசம். அதுவும் விண்ணப்பம் அவர்கள் கைக்குக் கிடைத்த நாளில் இருந்துதான் கணக்கு. அம்மாவோ தம்பி கையெழுத்துப் போட்ட நாளில் இருந்து எண்ணி, கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுவிட்டார். அந்த நாள் போன கிழமையே போய்விட்டது. விண்ணப்பம் இன்னும் அதிகாரியின் மேசையில் கிடக்கிறது. கேட்டால் "பார்க்கிறேன்" என்கிறாராம்.

அம்மா இரவில் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். தயவுசெய்து அவரிடம் வந்து பஸ் கதை சொல்லாதீர்கள்.