விசிட்டர் விசாவில் போய் கனடாவில் வேலை எடுக்கலாமா?

“விசிட்டர் விசாவில் போங்கள், இறங்கின பிறகு அங்கேயே வேலை விசாவாக மாற்றலாம்” என்று ஒரு குரல் பதிவு மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இதை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

ஒரு காலத்தில் இது உண்மையாக இருந்ததுதான் சிக்கல். கொரோனா நேரம், 2020 ஓகஸ்டில், கனடாவுக்குள் நின்ற விசிட்டர்கள் அங்கிருந்தே வேலை அனுமதி கேட்கத் தற்காலிகமாக இடம் கொடுத்தார்கள். 2024 ஓகஸ்ட் 28ஆம் திகதி அதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழைய கதையைத்தான் இப்போது புதுசு போல அனுப்புகிறார்கள்.

களுவாஞ்சிகுடியில் ஒரு தம்பி தன் போனில் ஒரு கடிதத்தைக் காட்டினார். ‘எல்எம்ஐஏ கட்டணம்’ என்று லட்சக்கணக்கில் கேட்டிருந்தது. எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி கனடா அரசிடம் பெறும் அனுமதி. அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைக்க எடுத்து, கைலேஞ்சியில் முடிந்தும் வைத்திருந்தார்கள். எனக்கு மனம் பதறிப்போனது. எல்எம்ஐஏ அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் கனடாவில் உள்ள முதலாளி. கட்டணம் ஒரு வேலையிடத்துக்கு 1,000 கனடிய டொலர். அதை அவரேதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக் கூடாது.

அப்புறம், தாதியர் சான்றிதழ் இருந்தால் போனவுடன் வேலை என்பதும் சரியில்லை. எந்த மாகாணத்தில் வேலை செய்யப் போகிறீர்களோ, அங்கே பதிவு எடுக்க வேண்டும்.

ஏஜென்சியில் காசு கொடுக்க முன்னம், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.