சி.இ.ஓ தேடுனப்ப நாம கேக்காம விட்ட கேள்வி

ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, இன்னைக்கு எழுதிடறேன். நீளமாதான் போகும். இங்கிலாந்து ஃபுட்பால் க்ளப் மான்செஸ்டர் யுனைடெட்டோட ஃபேன்ஸ் மட்டுமாவது முழுசா படிங்க, மத்தவங்களுக்கும் உங்க க்ளப்புக்குன்னு ஒரு நாள் இது உதவும்.

எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பையன் பழைய ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு போட்டான். 2023 நவம்பர், ரிச்சர்ட் ஆர்னால்ட் எங்க க்ளப்போட சி.இ.ஓ (தலைமை நிர்வாகி) பதவிய விட்டு போறார்னு அறிவிப்பு வந்த ராத்திரி நாங்க போட்ட சண்டை. மறுநாள் ஆபீஸ் இருக்குன்னு தெரிஞ்சும் ரெண்டு மணி வரைக்கும் அடிச்சிக்கிட்டோம். ஒரு கட்சி, ஃபுட்பால் தெரிஞ்ச ஆள்தான் வரணும், பேங்க் ஆளுங்க, மார்க்கெட்டிங் ஆளுங்க கையில கொடுத்து பத்து வருஷம் நாசமா போச்சுன்னு. இன்னொரு கட்சி, சி.இ.ஓ என்ன பந்தா உதைக்க போறாரு, கடன் கழுத்தை நெரிக்கிற க்ளப்புக்கு கணக்கு தெரிஞ்ச ஆள்தான் வேணும்னு. நான் முதல் கட்சி. "மச்சான், ஃபுட்பால் தெரிஞ்ச ஒரே ஒரு ஆள மேல உக்கார வைக்க சொல்லு, மத்தது எல்லாம் தானா சரியாகும்"னு நான்தான் எழுதியிருக்கேன். அத இப்ப படிக்கறப்ப நெஞ்சுல என்னமோ பண்ணுது.

ஏன்னா நாம கேட்ட கேள்வியே தப்பு. ஃபுட்பால் ஆளா பிசினஸ் ஆளாங்கறது இல்ல விஷயம். முதலாளி ஒரு தப்பான காரியம் பண்ண சொல்றப்ப "இது வேணாங்க"ன்னு சொல்ற ஆளா, ஸ்டேடியத்துக்கு வர்றவன், அங்க வேலை பாக்கறவன், இவங்க பக்கம் ஒரு தடவையாவது நிக்கற ஆளாங்கறதுதான் விஷயம். அத அன்னைக்கு எங்க குரூப்ல இருந்த முப்பது பேர்ல ஒருத்தர் கூட கேக்கல.

டேவிட் கில்ல எடுத்துக்கோங்க. 2003-ல அப்ப சி.இ.ஓவா இருந்த பீட்டர் கென்யன் செல்சி க்ளப்புக்கு போனதும் அந்த நாற்காலிக்கு வந்தவர். அடிப்படையில அவர் அக்கவுண்டண்ட். அமெரிக்காவுல இருந்து கிளேசர் குடும்பம் கடன் வாங்கி க்ளப்ப வாங்க வந்தப்ப, இந்த திட்டம் க்ளப்புக்கு ஆபத்துன்னு வெளிப்படையா எதிர்த்த போர்டுல இருந்தவர். ஃபேன்ஸ் அவர நம்பினாங்க. 2005-ல 79 கோடி பவுண்டுக்கு டீல் முடிஞ்சுது, அதுல பெரும்பகுதி கடன், கடனே இல்லாம இருந்த க்ளப் தலையில அப்படியே இறங்குச்சு. கில்? அதே நாற்காலியில இன்னும் எட்டு வருஷம் உக்காந்திருந்தார். ஒரு பகுதி ஃபேன்ஸ் மனசு விட்டு வெளியேறி எஃப்.சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்னு சொந்தமா ஒரு க்ளப்பே ஆரம்பிச்சிட்டாங்க. மைதானத்துல கோச் ஃபெர்குசன் இருந்தாரு, கப்பு வந்துட்டே இருந்துது, அதனால மாடியில என்ன நடக்குதுன்னு நம்மள மாதிரி தூரத்துல இருந்து பாத்தவங்களுக்கு உறைக்கல.

2013-ல ஃபெர்குசனும் கில்லும் ஒண்ணா போனாங்க, எட் வுட்வர்ட் வந்தார். பேர் எக்ஸிக்யூட்டிவ் வைஸ் சேர்மன், வேலை சி.இ.ஓ வேலைதான். கிளேசருக்கு அந்த 2005 டீல்ல ஆலோசனை சொன்ன பேங்க் ஆள். முதல் கோடையிலயே தெரிஞ்சு போச்சு, ஃபெலைனிங்கற ஆட்டக்காரர 2.35 கோடி பவுண்டு கொடுத்தா அவர் க்ளப் விட்டே ஆகணும்ங்கற ரிலீஸ் க்ளாஸ் ஜூலை கடைசி வரைக்கும் இருந்துது, அத விட்டுட்டு டிரான்ஸ்ஃபர் கடைசி நாள்ல 2.75 கோடி கொடுத்து வாங்கினாங்க. 2018-ல முதலீட்டாளர்கள்கிட்ட, மைதானத்துல ஜெயிக்கறது தோக்கறது நம்ம வியாபாரத்த பெருசா பாதிக்காதுங்கற அர்த்தத்துல பேசினார் பாருங்க, அந்த அளவுக்கு மனசு வெடிச்ச நாள் எனக்கு அதிகம் இல்ல. 7-0 தோல்வியெல்லாம் பிறகு வந்துது, அதையும் தாங்கினோம். ஆனா நம்ம அழுகைக்கும் சந்தோஷத்துக்கும் கணக்குல இடமே இல்லன்னு ஒருத்தர் சொன்னா அத எங்க வெச்சிக்கறது? 2021 ஏப்ரல்ல பெரிய க்ளப்புங்க தனியா ஆரம்பிக்க பாத்த சூப்பர் லீக் போட்டி ரெண்டே நாள்ல கவுந்துது, அதோட அவர் கிளம்பறதும் உறுதியாச்சு.

ஆர்னால்டும் அதே பள்ளிதான், 2007-லயே கமர்ஷியல் பக்கம் வந்தவர், வுட்வர்டோட காலேஜ் காலத்து நண்பர். ஆனா அவர்கிட்ட எனக்கு ஒண்ணு பிடிச்சுது, 2022 ஜூன்ல வீட்டு முன்னாடி போராட்டம் பண்ண வந்த ஃபேன்ஸ பக்கத்து பப்ல அவரே போய் பாத்தாரு, ஒரு ரவுண்டு வாங்கி கொடுத்தாரு, ஆளுங்கள வாங்க கொட்டின அவ்வளவு பணமும் எங்க போச்சுன்னே காட்ட முடியலன்னு ஒத்துக்கிட்டாரு. யாரோ மொபைல்ல எடுத்து வெளிய விட்டாங்க. அது நடிப்புன்னு குரூப்ல பாதி பேர் சொன்னாங்க. எனக்கு அப்படி தோணல. வந்து எதிர்ல உக்காந்தார்ல. ஆனா உக்காந்து பேசறது வேற, மேல போய் பேசறது வேற, அந்த ரெண்டாவது அவர் காலத்துல நடந்த மாதிரி தெரியல.

இப்ப 2024 ஜனவரி 20, சனிக்கிழமை. புது சி.இ.ஓவா ஒமர் பெராடா பேர் அறிவிப்பு. பார்சிலோனா க்ளப்ல வேலை பாத்தவர், 2011-ல இருந்து நம்ம ஊர் எதிரி மான்செஸ்டர் சிட்டியில, அங்க வரிசையா கப்பு அடிச்ச நிர்வாகத்துல முக்கியமான ஆள். க்ளப்ல புதுசா பங்கு வாங்கின ஜிம் ராட்க்ளிஃப் உள்ள வந்த உடனே பக்கத்து வீட்டு சமையல்காரரையே தூக்கிட்டாருடான்னு எங்க குரூப்ல ஒரே கொண்டாட்டம். நான் அன்னைக்கு ஆபீஸ் நண்பர்களுக்கு ஸ்வீட் வாங்கி கொடுத்தேன், கேட்டதுக்கு எங்க க்ளப்புக்கு நல்ல காலம் வந்திருக்குன்னு சொன்னேன். ஜூலை 13 அவர் சேந்தாரு. நாம கேட்ட ஆள் கிடைச்சாச்சு. அப்புறம் என்ன நடந்துது?

அந்த கோடையில சுமார் 250 பேருக்கு வேலை போச்சு. 2025 பிப்ரவரியில இன்னும் 150-ல இருந்து 200 பேர்னு அறிவிப்பு, அது பெராடா பேர்லயே வந்துது. நம்ம ஸ்டேடியம் ஓல்ட் ட்ராஃபோர்ட்ல ஸ்டாஃபுக்கு இருந்த இலவச மதிய சாப்பாடு நின்னு, அதுக்கு பதிலா வெறும் பழம் ஆச்சு.

அந்த சாப்பாட்டு விஷயம் ஏன் எனக்கு இவ்வளவு சுடுதுன்னா, நான் முன்னாடி வேலை பாத்த ஒரு கம்பெனியிலயும் இதேதான். புதுசா ஒரு தலை வந்துச்சு, முதல் மாசமே செலவு குறைப்புன்னு ரெண்டு வேளை டீய நிறுத்துனாங்க. தினமும் பதினொரு மணிக்கு ஃபிளாஸ்க்கோட ஒவ்வொரு டேபிளா வந்து "சார், சக்கரை கம்மிதானே"ன்னு கேட்டு ஊத்துற அண்ணன் ஒருத்தர், அறுபது பேருக்கு அறுபது விதமா சக்கரை அளவு ஞாபகம் வெச்சிருந்தவர், ஒரு திங்கக்கிழமை வரல. டீக்கு எவ்வளவு செலவாயிருக்க போகுது? ஆனா அன்னையில இருந்து அந்த ஆபீஸ்ல எல்லாரும் ஆறு மணிக்கு டாண்ணு பைய தூக்கிட்டு கிளம்ப ஆரம்பிச்சாங்க, நானும்தான்.

யுனைடெட்ல கேத் ஃபிப்ஸ்னு ஒரு ரிசப்ஷனிஸ்ட் அம்மா இருந்தாங்க. 1968-ல வேலைக்கு சேந்தவங்க, 50 வருஷத்துக்கும் மேல அந்த க்ளப்லயே இருந்தாங்க, 2024 டிசம்பர்ல இறந்து போயிட்டாங்க. ஃபெர்குசன்ல இருந்து பெக்கம் வரைக்கும் இறுதிச் சடங்குக்கு வந்து நின்னாங்க. ஒரு ரிசப்ஷனிஸ்டுக்கு! க்ளப்னா அதுதானேங்க. அவங்கள மாதிரி இருக்கற எத்தனை பேர் அந்த 450 பேர்ல இருந்திருப்பாங்கன்னு யோசிக்காம இருக்க முடியல.

குரூப்ல ஒரு அண்ணன் இருக்காரு, ஆடிட்டர், எனக்கு அவர் மேல ரொம்ப மரியாதை. அவர் சொல்றாரு, "தம்பி, அஞ்சு வருஷம் வரிசையா நஷ்டம், 2023-24-ல மட்டும் 11 கோடி பவுண்டுக்கு மேல, வெட்டாம என்ன பண்ணுவாங்க, உணர்ச்சிவசப்படாத." நியாயம்தான் அண்ணே, நஷ்டம் பொய் இல்ல. ஆனா அதே நிர்வாகம் 2024 ஜூலையில கோச் டென் ஹாக்குக்கு கான்ட்ராக்ட்ட நீட்டிச்சு அக்டோபர்ல அனுப்புனாங்களே, ஆசையா கூட்டிட்டு வந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வொர்த்த அஞ்சே மாசத்துல அனுப்புனாங்களே, இவங்கள அனுப்புன செலவு மட்டும் 1.45 கோடி பவுண்டு, க்ளப்போட சொந்த கணக்குலயே இருக்கு. மாடியில இருக்கறவங்க தப்புக்கு கீழ இருக்கறவன் தட்டுல கை வெச்சா அதுக்கு பேர் சிக்கனம் இல்ல அண்ணே. அந்த சீசன் 15-வது இடம், 42 புள்ளி, அதையும் சேத்துக்கோங்க.

பெராடாவுக்கு ஃபுட்பால் தெரியாதுன்னு நான் சொல்ல வரல, நம்மள விட ஆயிரம் மடங்கு தெரியும். அதுதான் எனக்கு வலிக்குது, தெரிஞ்சும் இது நடந்துது.

சரி, எதிர்மாறா ஒரு ஆள் இருக்காரா? இருக்காரு. சொல்றதுக்கு யுனைடெட் ஃபேனா எனக்கு நாக்கு எழும்பல, ஆனா உண்மைய சொல்லணும். நம்ம பரம எதிரி க்ளப் லிவர்பூல்ல 2020 ஏப்ரல்ல, கொரோனா நேரம், சுமார் 200 ஸ்டாஃப அரசாங்க பணத்துல சம்பளம் வாங்கற திட்டத்துல தள்ளிட்டாங்க. ஃபேன்ஸ் கொதிச்சாங்க, பழைய ஆட்டக்காரங்க திட்டினாங்க. ரெண்டே நாள், சி.இ.ஓ பீட்டர் மூர் ஃபேன்ஸுக்கு லெட்டர் எழுதினாரு, தப்பான முடிவெடுத்துட்டோம், மன்னிச்சிடுங்கன்னு. வாபஸ். அந்த மூர் எங்க இருந்து வந்தவர் தெரியுமா? வீடியோ கேம் கம்பெனிகள்ல இருந்து. எங்க குரூப் அளவுகோல்ல அவர் இன்டர்வியூவுக்கே தேறியிருக்க மாட்டாரு. ஆனா லிவர்பூல்ல பொறந்தவர், அந்த ஊர் ஜனங்க முகம் அவருக்கு தெரியும். அவங்க கோவத்த மதிச்சாரு.

நம்ம பக்கத்துல நடந்தத பாருங்க. 2024 நவம்பர் கடைசியில, சீசன் பாதியில, மெம்பர்களுக்கு மிச்சம் இருக்கற டிக்கெட் எல்லாம் இனிமே 66 பவுண்டு, சின்ன பசங்களுக்கும் அதே, வயசானவங்களுக்கும் அதேன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி குறைஞ்ச விலை பெரியவங்களுக்கு 40, பசங்களுக்கு 25. இப்ப ஒரு அப்பா தன் எட்டு வயசு பையன கூட்டிட்டு போறாருன்னு வைங்க. முன்னாடி ரெண்டு பேருக்கும் சேத்து 65 பவுண்டுல முடிஞ்சிருக்கும். அந்த அறிவிப்புக்கு அப்புறம் அந்த பையன் ஒருத்தனுக்கே 66. அப்பா தனி. மழை பேஞ்சா கூரையில இருந்து அருவி கொட்டற ஸ்டேடியத்துக்கு, 2024 மே மாசம் ஆர்சனல் மேட்ச் முடிஞ்சப்ப உலகமே பாத்துதே, அந்த கூரைக்கு கீழ உக்கார 132 பவுண்டு.

இத வேணாம்னு சொல்ல அந்த பெரிய டேபிள்ல ஒரு ஆள் போதும். அறிவிப்புல யார் கையெழுத்து இருந்தாலும் எனக்கு கவலை இல்ல, அந்த டேபிள்ல ஃபேன்ஸுக்காக பேச வேண்டிய நாற்காலி சி.இ.ஓ நாற்காலி. அதுல உக்காந்திருக்கறவர் பேசினாருன்னா முடிவு மாறியிருக்கணும், மாறல.

இப்ப குரூப்ல அந்த ஸ்கிரீன்ஷாட் போட்டவன் கேக்கறான், "அப்ப அடுத்து யார்தான்டா வரணும்?" எனக்கு பேர் தெரியாது தம்பி. ஆனா வர்றவங்கள இன்டர்வியூ பண்ற ரூம்ல ஃபேன்ஸ் பிரதிநிதி ஒருத்தர் உக்காரணும். ஜெர்மனியில க்ளப் ஓட்டுல பாதிக்கு மேல உறுப்பினர்கள் கையில இருக்கணும்னு 50+1 விதி இருக்கு, அந்த அளவுக்கு போக வேணாம், ஒரு நாற்காலி, ஒரே ஒரு கேள்வி கேக்கற உரிமை. "இதுக்கு முன்னாடி நீங்க வேலை பாத்த இடத்துல முதலாளிகிட்ட எப்ப கடைசியா முடியாதுன்னு சொன்னீங்க?" அவர் யோசிக்கற நேரத்துலயே பாதி பதில் தெரிஞ்சிடும்.

இன்னொண்ணும் சொல்லணும், இதான் தூங்க விடல. 66 பவுண்டு அறிவிப்பு வந்த அந்த வாரக்கடைசி, டிசம்பர் 1, எவர்டன் மேட்ச். ஓல்ட் ட்ராஃபோர்ட் வெளிய குளிர்ல ஃபேன்ஸ் அட்டை பிடிச்சிக்கிட்டு நின்னாங்க, அப்பாங்க, பசங்க, வயசான ஆளுங்க. உள்ள நாம 4-0 ஜெயிச்சோம். ஸ்கிரீன்ஷாட் வந்த அப்புறம் அந்த நாள் என்ன பேசினோம்னு குரூப்ல மேல மேல போய் தேடினேன். கோல் வீடியோ இருக்கு, அப்ப புதுசா வந்திருந்த கோச் அமோரிம் பத்தி இருக்கு, நெருப்பு எமோஜி வரிசையா இருக்கு. வெளிய நின்னவங்கள பத்தி ஒரு மெசேஜ் கூட இல்ல. நானும் போடல.