மாஸ்லோவும் மஞ்சள் சீட்டும்
பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் வெந்துவிட்டு ஆபீஸுக்குள் நுழைந்தால், கையில் மஞ்சள் சீட்டு. இன்றைய மனநிலையைப் பொம்மை முகமாக வரைய வேண்டுமாம். எனக்கு 38 வயது சார்!

மாதம் ஒரு சைக்காலஜி வகுப்பு. போன முறை, உளவியலாளர் மாஸ்லோ 1943-இல் சொன்ன மனிதத் தேவைகளின் அடுக்கு. அடித்தட்டே சோறும் தூக்கமும்தான். அதை நடத்தியது எப்போது? மத்தியானம் 1 மணிக்கு, டிபன் பாக்ஸைத் திறக்கவிடாமல்!

இந்த முறை, வேலையில் ஊக்கம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க். “சம்பளம் ஊக்கம் தராது” என்று மேனேஜர் பூரிக்கிறார். சம்பளம் போதாவிட்டால் அதிருப்தி வரும் என்றும் அதே ஹெர்ஸ்பெர்க்தான் சொன்னார். அந்த ஸ்லைடை மட்டும் காக்காய் தூக்கிப் போய்விட்டதா? இன்கிரிமென்ட் கேட்டால் ‘உள்ளிருந்து வரும் உந்துதல்’ என்கிறார் மேனேஜர். மடிவாளா வீட்டு ஓனருக்கு வாடகையாக அதையே கொடுக்கட்டுமா?

அப்புறம், ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் மன அழுத்தம் குறைக்க ஒரு வீடியோ. பார்த்தவுடன் பதில் போட வேண்டுமாம்.