பல் இம்பிளான்ட்டுக்கு முழு மயக்கம் கட்டாயமா?

பல் இம்பிளான்ட், அதாவது இல்லாத பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், பற்றி திருகோணமலை வாட்ஸப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. “இம்பிளான்ட் வைக்க முழு மயக்கம் கொடுத்தே ஆகவேண்டும், பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் திரும்பி எழும்ப மாட்டார்கள்” என்கிறது. இது பிழை.

ஒன்றிரண்டு இம்பிளான்ட் என்றால் பெரும்பாலும் முரசில் போடும் விறைப்பு ஊசியே போதும். வழக்கமான மருந்து லிக்னோகேய்ன் 2%, அதோடு இரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின், 1:80,000 அளவில். சில நிமிடங்களில் விறைக்கும். அழுத்துவதும் ட்ரில் அதிர்வதும் தெரியும், நோகாது. உதடு மட்டும் இரண்டு மூன்று மணித்தியாலம் தடித்துக் கிடக்கும். அதுவரை சுடுதேநீர் வேண்டாம். கட்டுப்பாட்டில் உள்ள பிரஷரும் சீனியும் இதற்குத் தடையில்லை. ஆனால் குடிக்கும் குளிசைகளை, முக்கியமாக இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை, வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அதிகம் பயந்தவர்களுக்கு அரைமயக்கம் உண்டு: மூக்கால் இழுக்கும் நைட்ரஸ் ஒக்சைட், குளிசை, அல்லது இரத்தக்குழாயில் ஏற்றும் மிடாசோலம் என்ற மருந்து. அப்போதும் விறைப்பு ஊசி போடத்தான் வேண்டும். குளிசையோ இரத்தக்குழாயில் ஏற்றும் மருந்தோ எடுத்தால் கூட ஒருவர் வரவேண்டும். மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியே வந்து திரும்பும் எண்ணமே கூடாது, 24 மணித்தியாலம் வாகனம் ஓட்டக்கூடாது. முழு மயக்கம் பெரிய எலும்புச் சத்திரசிகிச்சை போன்ற சிலவற்றுக்கே. அதற்கு மயக்கமருந்து நிபுணர் வேண்டும்.

சந்தேகமா? மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவில் கேளுங்கள். வைத்தியரின் பதிவை இலங்கை மருத்துவப் பேரவையில் சரிபார்க்கலாம். அந்த வாட்ஸப் குரல்பதிவில் பேசுபவர் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தயவுசெய்து அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.