அண்ணன் உருட்டித் தந்த உகாளி

அமெரிக்காவின் மினசோட்டாவில் காலமான கென்ய அண்ணனைப் பற்றிய இந்தக் கட்டுரையைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. முதியோர் இல்லத்தில் மூன்று வருஷம் அவரோடு இரவுப் பணி பார்த்தேன். மக்காச்சோள மாவில் கிளறிய உகாளியை, நம்ம ஊர்க் களி மாதிரியே உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழித்து, சுக்குமா கீரையை அதில் அள்ளித் தருவார். இங்கே விடிகாலை நாலு மணி என்றால், கென்யாவில் அவர் அம்மா இருக்கும் கிசியில் மதியம்; தவறாமல் அம்மாவுக்குப் போன் போடுவார். சம்பளம் வந்த அன்றே தம்பி பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசாவில் போய்விடும். மகளின் கால்பந்து மேட்சுக்குத் தூக்கத்தை விட்டுவிட்டு ஓடுவார்.

உடலை ஊருக்கு அனுப்ப ஹராம்பே, அதாவது எல்லாரும் கூடிப் பணம் சேர்ப்பது, நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பங்கை அனுப்பிவிட்டேன். துக்க வீட்டில் சொல்ல அவர் கற்றுத்தந்த வார்த்தையையே சொல்கிறேன்: போலே சானா, ரொம்ப வருத்தமாக இருக்கிறது, அண்ணி.